கையளிப்புப் பட்டியல்

காலை ஐந்து ஐம்பதுக்குப் பூரணம் கணவனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். பழைய வேட்டிக் கரையில் கிழித்த துண்டு. முடிச்சு வழுகியது. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

மகள் சீதேவி குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டு வந்து தலைமாட்டில் வைத்தாள். அவளுக்கு இருபத்தொரு வயது. அழுது முடித்திருந்தாள். முகம் கழுவி, தலையை இழுத்துக் கட்டி, இனிச் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டைபறிச்சானில் இருக்கும் பெரியப்பாவின் மகன் பாலசிங்கம்தான் கொள்ளி வைக்க வேண்டும். மூதூருக்குப் போகிற முதல் லோஞ்சுப் படகில் யாரிடமாவது சொல்லிவிட்டால் அவன் பதினொரு மணி லோஞ்சில் வந்துவிடுவான். மூன்று மணிக்கு எடுக்கலாம். பாலையூற்றில் மாமாவுக்கு அடுத்த வீட்டுக்காரர் போய்ச் சொல்லுவார்.

"முத்தலிப் நானாவுக்கு?" என்று பூரணம் கேட்டாள்.

சீதேவி திரியை நிமிர்த்தினாள்.

"அவருக்குத் தானா அறிய வரும்."

கனகசுந்தரத்தின் வாயைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. அது மூடியே இருந்தது. பதினொரு நாளாக அப்படித்தான் இருந்தது.

பூரணம் கால்மாட்டில் நிலத்தில் இருந்தாள். பெண்கள் வரத் தொடங்கினார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளும் அழுதாள். இடையிடையே படலையைப் பார்த்தாள். கணவனின் சிநேகிதர் முத்தலிப் வந்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த நாளில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கனகசுந்தரம் துறைமுக டொக்யாட்டில் இருபத்தேழு வருடம் ஸ்டோர்ஸ் கிளாக்கராக இருந்தவர். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது, கொடுக்கிற சாமான்களுக்கெல்லாம் பட்டியல் அடித்தவர் அவர்தான். நான்கு மாதம் அடித்தார். பாரந்தூக்கிகள், இரும்புக் கட்டில்கள், கொடிக்கம்பங்கள், தண்ணீர்த் தொட்டிகள், கதவுப் பிணைச்சல்கள். கையளிப்பு முடிந்த மறுவாரம், ஒரு விடியற்காலை, அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து பலகையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"பூரணம், உமக்கு மட்டும் சொல்லுறன். பட்டியலில என்ர பேர் இல்லை."

பென்சன் பட்டியலைச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"அதில்லை. கையளிப்புப் பட்டியலில. பிணைச்சல்கூட இருக்கு. நான் இல்லை. என்னை இன்னும் கையளிக்கேல்லை."

பகிடி விடுகிற மனிதர் அல்ல அவர். அவள் துருவலை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அது வழக்கமான முகமாகவே இருந்தது. சவரம் செய்து, திருநீறு பூசி.

பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒரு பொருள் கையளிக்கப்படாமல் நின்றாலும் கையளிப்பு முடிந்ததாகாது. அது ஸ்டோர்ஸ் விதி. ஆகவே துறைமுகம் இன்னும் அவருடைய பொறுப்பில்தான் இருக்கிறது. இதை வெளியில் சொன்னால் இரண்டு அரசாங்கத்துக்கும் சண்டை வரும். ஆகவே சொல்லாமல் காக்க வேண்டும். எந்தக் கப்பல் உள்ளே வரலாம் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

"ஒண்டு வெளியில நிக்குது," என்பார். "வரச் சொல்லட்டோ?"

முதல் மாதம் அவள் பதில் சொல்லவில்லை. பதில் கிடைக்காத நாட்களில் அவர் பலகையை விட்டு எழும்பவில்லை. ஒருநாள் அவள் தேங்காயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வரச் சொல்லுங்கோ. பாவம், தூரத்தில இருந்து வருகினம்."

அவர் எழும்பிப் போய் முகம் கழுவினார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

எட்டு வருடம் அப்படிப் போனது. ஐந்து மணிக்கு வருவார். ஆறு மணிக்குச் சீதேவி பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டதும் எழும்பிவிடுவார். பிறகு நாள் முழுதும் ஒரு பென்சன்காரர். பேப்பர் வாசிப்பார். மீன் வாங்கி வருவார். பின்னேரம் முத்தலிப்போடு உட்துறைமுகக் கல்லணையில் போய் இருப்பார். முத்தலிப் டொக்யாட்டில் கயிறு கட்டுகிற வேலை பார்த்தவர்; பூரணம் அவரை அண்ணன் முறையில் நானா என்பாள். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, கருக்கல் நேரத்துக்கு வீடு திரும்புவார்கள்.

ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சீதேவிக்கும் தெரியாது. பூரணம் தெரியவிடவில்லை. விசர்க் குடும்பம் என்று ஒரு சொல் வெளியில் போனால் சீதேவிக்கு யார் வருவான்?

அவளுடைய தம்பி கதிரவேல் பள்ளிக்கூட வாத்தியார். புயலில் விழுந்த முள்முருக்கை மரங்களை வெட்டிக்கொண்டு வந்து பொம்மை செதுக்கத் தொடங்கினான். பிள்ளைகளுக்கு இல்லை, பெரிய ஆட்களுக்கு என்றான். ரஷ்யக் கதை ஒன்றைத் தமிழில் வாசித்திருந்தான். சின்னச் சம்பளக் கிளாக்கர் ஒருவன் விசர் பிடித்துத் தன்னை ஒரு தேசத்தின் ராசா என்று நம்புகிற கதை. அதைக் கயிற்றுப் பொம்மைக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தான். எழுத வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியில் இருந்து இடியப்பம் சாப்பிட்டபடி சொன்னான்.

"பொம்மைக்கு முகம் மாறாது அக்கா. தொடக்கத்திலையும் அந்த முகம்தான், முடிவிலையும் அந்த முகம்தான். விசர் முழுக்கக் கதையிலதான் வரவேணும். புத்தகத்தில உள்ளமாதிரிக் கதைச்சாச் சனம் நித்திரை கொள்ளும்."

அவள் சொதி ஊற்றினாள்.

"உண்மையில விசர் பிடிச்ச ஆள் எப்பிடிக் கதைப்பான்?"

அவன் அவளைக் கேட்கவில்லை. தன்னையே கேட்டுக்கொண்டான். அவள்தான் பதில் சொன்னாள்.

"விசர் மாதிரிக் கதைக்கமாட்டினம்."

"பின்னை?"

"அரசாங்கக் கந்தோர்க் கடிதம் மாதிரிக் கதைப்பினம்."

அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அவள் எழும்பிக் குசினிக் கதவைச் சாத்தினாள்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை வந்தான். கொப்பி கொண்டுவந்தான். அவள் சொன்னாள், அவன் எழுதினான். எழுதியதை வாசித்துக் காட்டினால் அவள் திருத்தினாள். 'என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்' என்று அவன் எழுதியிருந்தான். அப்பிடிச் சொல்லமாட்டார், 'என்னை இன்னும் கையளிக்கேல்லை' எண்டுதான் சொல்லுவார், என்றாள். பிணைச்சலை விட்டிடாதை என்றாள். ஒருமுறை அவன் பொம்மையின் குரலில் அதைச் சொல்லிக் காட்டியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வருமட்டும் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு நன்றாக நித்திரை வந்தது.

"அது ரஷ்யாக்காரன் அக்கா," என்று கதிரவேல் சொல்லியிருந்தான். "மயிர்த் தொப்பியும் போட்டிருக்கு. ஆருக்கும் விளங்காது."

ஊருக்கு விளங்கக்கூடாது என்பதைத்தான் இரண்டு பேரும் யோசித்தார்கள். கனகசுந்தரம் எட்டு வருடமாக ஒரு மண்டபத்துக்கும் போனதில்லை. போவார் என்று அவர்கள் நினைக்கவில்லை.

வாசிகசாலை மண்டபத்தில் சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆட்டம். நோட்டீசில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்ததால் ஊர் வேறு எதையோ எதிர்பார்த்து நிறைந்து வந்தது. கதிரவேலின் மனைவி ஆட்டம் பார்க்கப் போகவேண்டும் என்று பூரணம் பாலையூற்றில் அவளுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு வீடு திரும்பினாள். கனகசுந்தரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மச்சானுடைய நாடகம், நானும் வாறன் என்று அப்பாதான் கேட்டார், என்றாள் சீதேவி. நல்ல பகிடி என்றாள். அப்பாவும் சிரித்தார், பிறகு எழும்பிவிட்டார், வீட்டை போவம் என்றார்.

மறுநாள் ஐந்து மணிக்குப் பூரணம் தேங்காய் துருவினாள். பலகையை இழுத்துப் போட்டாள். அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளே அறைக் கதவடிக்குப் போய் நின்றாள்.

"இண்டைக்கு ஏதும் வெளியில நிக்குதோ?"

அவர் திரும்பவில்லை.

கஞ்சி வைத்தால் இரண்டு கரண்டி குடித்தார். பிறகு தண்ணீர் மட்டும். டாக்குத்தர் வந்து நாடி பார்த்தார், இருதயம் பெலவீனம் என்றார். வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. இன்று விடிய அவள் தேங்காய் துருவவில்லை. நேரே அறைக்குப் போனாள். தொட்டுப் பார்த்தாள்.

கணவன் தன் கதையைத் தனக்கு மட்டும்தான் சொன்னார் என்று எட்டு வருடமும் பூரணம் நம்பியிருந்தாள். இந்தப் பதினொரு நாளாக அப்படி இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். முத்தலிப்புக்கும் சொல்லியிருக்கலாம். தினமும் இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருக்கிறவர்கள். அப்படியானால் கதையை வெளியில் விட்டது யார் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. சந்தேகம் ஒன்று இருந்திருக்கும். சந்தேகத்தோடு செத்திருப்பார். அது போதும்.

கதிரவேல் ஒன்பது மணிக்கு வந்தான். சவரம் செய்யவில்லை. பிரேதத்தின் காலைத் தொட்டான். சீதேவி அவனை விறாந்தையின் மறு பக்கத்துக்குக் கூட்டிப்போய் ஏதோ கேட்டாள். பூரணம் இருந்த இடத்திலிருந்து அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அவன் கிணற்றடிக்குப் போனான். அவள் தண்ணீர் அள்ளுகிற சாட்டில் எழும்பிப் பின்னால் போனாள்.

"அக்கா, அத்தானுக்கு விளங்கினதோ?"

அவள் வாளியை இறக்கினாள். கயிறு கையில் உராய்ந்து ஓடியது.

"தோப்பூரில வாற கிழமை போடக் கேட்டவை," என்றான். "வேண்டாம் எண்டிட்டன்."

"ம்."

"பொம்மையளைக் கொழுத்திப்போடட்டோ?"

"கொழுத்தினா?"

அவன் மிதியடியால் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். முப்பத்தெட்டு வயது. சின்னப் பிள்ளையில் பிழை விட்டால் இப்படித்தான் நிற்பான்.

"அது ரஷ்யக் கதை அக்கா."

"ஓம்."

"நீங்கள் சொன்னதெண்டு நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. என்ர மனுசிக்கும் தெரியாது. நீங்களும் திறக்காதையுங்கோ. முக்கியமா சீதேவிக்கு. அவள் தாங்கமாட்டாள்."

அவள் வாளியை மேலே இழுத்துக் குடத்தில் ஊற்றினாள். அரைவாசி வெளியில் போனது. அவன் வாளியை வாங்கப் போனான். அவள் கொடுக்கவில்லை.

பதினொரு மணிக்குப் பாலசிங்கம் வந்தான். கூடக் கட்டைபறிச்சானிலிருந்து ஆறு ஆண்கள், நான்கு பெண்கள். பெண்கள் படலையிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார்கள். கிளாக்கர் உத்தியோகத்தையும், வெள்ளைக் கால்சட்டையையும், துரைமார் கைகொடுத்ததையும் சொல்லி அழுதார்கள். பறை வந்தது. முற்றத்தில் சீலைப் பந்தல் போட்டார்கள். அயலட்டையார் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்க, சீதேவி தட்டில் வைத்துக் கொண்டுபோய் ஆண்களுக்குக் கொடுத்தாள்.

முத்தலிப் பன்னிரண்டு மணிக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, சாரம், தொப்பி. செருப்பைப் படலைக்கு வெளியிலேயே கழற்றிவிட்டார். உள்ளே வந்து பிரேதத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பந்தலின் கடைசிக் கதிரையில் போய் இருந்தார்.

சீதேவி தட்டோடு வரிசையில் வந்தாள். முத்தலிப்புக்கு முன்னால் இருந்தவருக்குக் கொடுத்தாள். திரும்பிப் போனாள். தட்டில் இன்னும் இரண்டு கோப்பை இருந்தது.

பூரணம் அதைப் பார்த்தாள். பிள்ளை நினைவில்லாமல் செய்கிறாள் என்று நினைத்தாள். குசினிக்குள் போய் ஒரு கோப்பை ஊற்றி, பக்கக் கதவால் முத்தலிப்பைக் கூப்பிட்டாள். அவர் வந்து வாசற்படிக்கு வெளியில் நின்று கோப்பையை வாங்கினார்.

"ரெண்டு தரம் வந்தன் தங்கச்சி," என்றார். "ஐயா நித்திர எண்டு மகள் சொன்னா. மூணாந்தரம் வர ஒரு மாதிரி இருந்திச்சு. வந்திருக்கணும்."

"நானா, ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்க."

"பின்னேரத்தில கல்லணையில இருந்து என்ன கதைக்கிறனீங்கள்?"

முத்தலிப்புக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"ஐயாவா? ஐயா கதைக்கிற ஆளா? கப்பல் வந்தா அதுட பேரச் சொல்லுவார். காத்து எங்கால எண்டு நான் சொல்லுவன். அவ்வளவுதான்."

"வேற ஒண்டும்?"

"வேற என்ன?"

"டொக்யாட்டைப் பற்றி. பழைய வேலையைப் பற்றி."

"ஒரு நாளும் இல்ல. நான் கதைய எடுத்தாலும், அது முடிஞ்ச விசயம் முத்தலிப் எண்டிருவார். எட்டு வருசத்தில ஒருக்காச் சொல்லல்ல." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "நல்ல மனுசன். மனசில ஒண்டும் இல்லாத மனுசன்."

பூரணம் கதவு நிலையைப் பிடித்தாள்.

"எனக்கு ஒரு கவல தங்கச்சி," என்றார் முத்தலிப். "அண்டைக்கு ஆட்டத்தில ஐயாவுக்கு ஏதோ சுகமில்லாமப் போயிருக்கு. நான் கண்டும் விளங்கல்ல. கதிரவேல் மாஸ்டர் ஆம்பிளப் பொம்மையப் பிடிச்சார். பொம்பிளப் பொம்மட கயிறு என்ட கையில."

"பொம்பிளைப் பொம்மையோ?"

"ஓம், அந்தக் கிளாக்கர்ட பொஞ்சாதி. குசினிக்குள்ள தேங்கா துருவிக்கிட்டு இருக்கும். கைய முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டணும், அதுதான் என்ட வேல. அவன் கப்பல வரச் சொல்லட்டோ எண்டு கேப்பான். வரச் சொல்லுங்கோ, பாவம், தூரத்தில இருந்து வருகினம், எண்டு அது சொல்லும். மண்டபமே விழுந்து விழுந்து சிரிச்சிச்சு. அந்த நேரம் ஐயா எழும்பி நிண்டார். திரைத்துணி ஓட்டையால பாத்தன். கைதட்டப் போறார் எண்டுதான் நினைச்சன்."

பறை ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியது.

"எவ்வளவு நேரம் நிண்டவர்?"

"கொஞ்ச நேரம். அந்தப் பொம்பிளப் பொம்மையத்தான் பாத்துக்கிட்டு நிண்டார். நான் ஆட்டிக்கிட்டே இருந்தன்."

பூரணம் அந்த வசனத்தைத் தம்பிக்குச் சொன்னது ஐந்தாவது ஞாயிறு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த அன்று. இதை எழுதாதை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் எழுதியதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேத்தண்ணி ஆறுது நானா," என்றாள். "குடியுங்கோ."

அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைப் படியில் வைத்தார். பந்தலுக்குத் திரும்பிப் போனார். சீதேவி முற்றத்தின் மறு பக்கத்தில் நின்று அந்தக் கோப்பையைப் பார்த்தாள்.

இரண்டரை மணிக்குக் குளிப்பாட்டினார்கள். பட்டு வேட்டி கட்டினார்கள். சுண்ணம் இடித்தார்கள். வாய்க்கரிசி போடும்போது பெண்கள் பூரணத்தைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்கள். அவள் பிடி அரிசியை எடுத்தாள். உதடுகள் இறுகி ஒட்டியிருந்தன. ஒரு மூதாட்டி விரலால் கொஞ்சம் நீக்கிவிட்டாள். பூரணம் போட்டாள். சில மணி உள்ளே போயின. மிச்சம் கன்னத்தால் வழிந்து காதடியில் தங்கியது. அதை எடுக்கக் குனிந்தாள். அழுகிறாள் என்று நினைத்துப் பின்னால் இழுத்தார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பாலசிங்கம் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். முன்பக்கத் தோளில் கதிரவேல். பின்பக்கத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. முத்தலிப் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தோள் கொடுத்தார். யாரும் தடுக்கவில்லை. பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். பாடை உட்துறைமுக வீதியால் திரும்பியது. பறைச் சத்தம் தூரப் போயிற்று.

வந்த பெண்கள் வழக்கப்படி ஒவ்வொருவராகச் சொல்லாமல் போனார்கள். சீதேவி வீட்டைக் கழுவினாள். பூரணம் கிணற்றடியில் தலைக்கு வார்த்துவிட்டு வந்து, ஈரச் சேலையோடு முன்விறாந்தையில் இருந்தாள். படலைக்குள் இரண்டு வாளி தண்ணீரும் ஒரு செம்பும் வைத்தார்கள். சுடலைக்குப் போனவர்கள் வந்து கால் கழுவுவதற்கு. குசினியில் அயல்வீட்டுப் பெண் தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டினாள்.

சீதேவி விளக்குமாற்றைச் சாத்திவிட்டுத் தாயின் பக்கத்தில் வந்து இருந்தாள். கைகள் சிவந்திருந்தன.

"அம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை."

"என்ன?"

"ஆட்டத்தால வரேக்க அப்பா ஒரு கதைதான் கதைச்சவர். தந்திக் கந்தோரடியில நிண்டிட்டார். சீதேவி, நான் ஒரு ஆளுக்குத்தான் சொன்னனான் எண்டார். என்னத்தை எண்டு கேட்டனான். அந்தக் கிளாக்கர் சொன்னதெல்லாம் என்ர கதை எண்டார்."

பூரணம் சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். தண்ணீர் சீமெந்தில் சொட்டியது.

"அப்பாவுக்கு அப்பிடி ஒரு எண்ணம் இருந்தது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

சொல் அவ்வளவு இலேசாக வந்தது. தானே சொன்னாளா என்று பூரணத்துக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியாது. எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. ஆருக்குச் சொன்னனீங்கள் எண்டு கேட்டனான். சொல்லேல்லை. அதுக்குப் பிறகு கதைக்கவே இல்லை." சீதேவி குரலைத் தாழ்த்தினாள். "சொல்ல வேணுமே? பொழுதுபட்டா ஆரோட இருந்தவர்? மாமாவோட நிண்டு கயிறு பிடிச்சது ஆர்? காலமை மாமாட்டைக் கேட்டனான். உங்களுக்குக் கதை சொன்னது முத்தலிப்போ எண்டு கேட்டனான். தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டார். இல்லை எண்டு சொல்லேல்லை."

"பிள்ளை..."

"ரெண்டு தரம் வந்தவர். படுத்த ஆளைப் பாக்க வந்தவராம். நித்திரை எண்டு அனுப்பிப்போட்டன். அப்பா முழிச்சுக்கொண்டுதான் கிடந்தவர். அந்தாளின்ர குரல் கேட்டதும் திரும்பி, கையை உயர்த்தினவர். போகச் சொல்லு எண்டுதான் காட்டினவர். நான் கதவைச் சாத்தினனான்."

பூரணம் மகளின் கையைப் பார்த்தாள். அது கை உயர்ந்த விதத்தைக் காட்டிவிட்டு இன்னும் இறங்காமல் நின்றது. விரல்கள் உள்பக்கமாக மடிந்திருந்தன. யாரையாவது கிட்ட வா என்று கூப்பிடும்போது அப்படித்தான் மடியும்.

வீதியில் ஆண்களின் பேச்சுக் கேட்டது. பாலசிங்கம் முதலில் வந்து கால் கழுவினான். அவனுக்குப் பின் கட்டைபறிச்சான்காரர். கதிரவேல் கழுவிவிட்டு விறாந்தைப் பக்கம் பார்க்காமல் பந்தலுக்குள் போனான். முத்தலிப் கடைசியில் வந்தார். தோளில் சேட்டு கறுத்து ஈரமாக இருந்தது. தனக்கு முன்னால் நின்ற வயதாளியின் காலுக்குச் செம்பால் தண்ணீர் வார்த்துவிட்டு, வெறும் வாளியைச் சரித்துப் பார்த்தார். பிறகு மற்ற வாளியை இழுத்தார்.

சீதேவி எழும்பினாள்.

"அம்மா, அந்தாள் இனி இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாது. நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"